பசி தாங்கும் கோசுமல்லி: எங்கள் அனுபவங்கள்

மதுரையிலிருந்து ஓர் உறுப்பினர்:

கடந்த ஆண்டு மருத்துவப் பரிசோதனையில் சர்க்கரை அளவு எல்லைக்கோட்டில் இருப்பதாகச் சொல்லி, ஏழெட்டுக் கிலோவாவது எடை குறைக்க வேண்டும் என்று மருத்துவர் அறிவுறுத்தினார். இரவில் சாலட் மட்டும் சாப்பிடுவது என்று அன்றே முடிவெடுத்து, வெள்ளரிக்காய், தக்காளி, முட்டைக்கோஸ் மூன்றையும் நறுக்கி, எலுமிச்சை பிழிந்து, பெரிய கிண்ணம் நிறையச் சாப்பிட்டேன். எட்டு மணிக்கு வயிறு நிறைந்திருந்தது. பத்தரை மணிக்குப் பசி காதை அடைத்தது. எழுந்துபோய் மிக்சர் டப்பாவைத் திறந்தேன். தொடர்ந்து நான்கு நாட்கள் இதே கதைதான்.

கிண்ணத்தில் என்னதான் இருந்தது என்று கணக்குப் பார்த்தபோது காரணம் விளங்கியது. வெள்ளரிக்காயில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 95 கிராம் தண்ணீர். கலோரி 15 அளவில்தான் இருக்கும். தக்காளிக்கு 18, முட்டைக்கோஸுக்கு 25. வயிற்றை அடைக்கும் பருமன் அதில் இருந்ததே தவிர, பசியைத் தாங்கவைக்கும் புரதம் இல்லை. சுவையும் இல்லாததால் கடையில் மயோனைஸ் வாங்கிக் கலந்தேன். ஒரு மேசைக்கரண்டி மயோனைஸில் 90 கலோரிக்கு மேல் இருக்கிறது; நான் மூன்று கரண்டி போட்டிருந்தேன்.

அந்த வேளையில் ஸ்ரீராம நவமி வந்தது. பானகத்துக்கும் நீர்மோருக்கும் பக்கத்தில் அம்மா, ஊறவைத்த பாசிப்பருப்பும் பச்சைக் காயும் கலந்த கோசுமல்லியை வைத்திருந்தார். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அதை வடைப்பருப்பு என்பார்கள். மதியம் அதை மட்டும் ஒரு கிண்ணம் சாப்பிட்டுவிட்டு, மாலை வரை வேறெதையும் தேடாமல் இருந்ததை நானே பிறகுதான் கவனித்தேன். அன்றிலிருந்து என் இரவுச் சாலட் அதுதான்.

ஒருவருக்கு 30 கிராம் பாசிப்பருப்பு, அதாவது இரண்டு மேசைக்கரண்டிக்குச் சற்று அதிகம், எடுத்து நன்றாகக் கழுவி ஒரு மணி நேரம் ஊறவைக்கிறேன். நகத்தால் அழுத்தினால் பருப்பு உடைய வேண்டும். அதற்கு மேல் ஊறினால் கொழகொழப்பாகி வாசனை மாறிவிடுகிறது. இந்தப் பருப்பில் சுமார் 105 கலோரியும் 7 கிராம் புரதமும் இருக்கின்றன. நீரை முழுவதும் வடித்து, பொடியாக நறுக்கிய வெள்ளரிக்காய் 150 கிராம், துருவிய கேரட் 50 கிராம், கிடைக்கும் காலத்தில் கொஞ்சம் மாங்காய்த் துருவல், 10 கிராம் தேங்காய்த் துருவல் ஆகியவற்றைச் சேர்க்கிறேன். வெள்ளரிக்காயைத் துருவக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. துருவினால் நீர் விடுவதோடு, மென்று தின்னும் வேலையும் இல்லாமல் போகிறது. மெல்ல மென்று சாப்பிடும்போதுதான் போதும் என்ற நிறைவு எனக்கு வருகிறது.

தாளிப்பை விட்டுவிடலாமா என்று எனக்கும் தோன்றியது. ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் என்றால் 40 முதல் 45 கலோரிதான். கடுகு, பச்சை மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை ஆகியவற்றின் மணம் முழுவதும் அந்த எண்ணெயில் இறங்கித்தான் காயில் ஒட்டுகிறது. கேரட்டில் உள்ள கரோட்டினை உடல் ஏற்றுக்கொள்வதற்கும் கொழுப்பு வேண்டும். கொழுப்பே இல்லாத கலவையுடன் சாலட் சாப்பிட்டவர்களின் உடலில் அது ஏறக்குறையச் சேரவே இல்லை என்று 2004இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. ஆகவே எண்ணெயை அளந்து ஊற்றுகிறேன், தவிர்ப்பதில்லை. எல்லாம் சேர்ந்து கிண்ணம் 230 கலோரி அளவில் வருகிறது. நடைப்பயிற்சி அதிகமான நாளில் ஒரு வேகவைத்த முட்டையையும் சேர்த்துக்கொள்கிறேன். அதனால் 75 கலோரிதான் கூடும்.

உப்பைப் பற்றி ஒரு சொல். முதல் முறை காய் நறுக்கியதுமே உப்பைப் போட்டு வைத்துவிட்டேன். அரை மணி நேரத்தில் காயிலிருந்த நீரெல்லாம் வெளியே வந்து, பருப்பு அதில் மிதந்தது. அம்மா பார்த்துவிட்டு, “இலையில் பரிமாறும்போதுதான் உப்பும் எலுமிச்சையும்” என்று சொன்னார். அதன்பின் அந்தத் தவறு நேரவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் உறுப்பினர்:

மதுரை அன்பர் எழுதியதைப் படித்தபோது எங்கள் வீட்டு வல்லாரைச் சம்பல் நினைவுக்கு வந்தது. வல்லாரையை மிக மெல்லியதாக அரிந்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பூ (தேங்காய்த் துருவல்), உப்பு சேர்த்துப் பிசைந்து, கடைசியில் தேசிக்காய் (எலுமிச்சை) விடுவோம். சோற்றுக்குப் பக்கத்தில் ஒரு கரண்டி வைப்பதுதான் வழக்கம். அதையே ஒரு நேர உணவாக்கலாம் என்று எண்ணி நான் தொடங்கியபோது, பழக்கத்தில் அரைத் தேங்காயைத் துருவிப் போட்டேன். தேங்காய்ப்பூவில் 100 கிராமுக்கு 350 கலோரி இருக்கிறது என்று மகள் எடுத்துச் சொன்ன பிறகு, அதை ஒரு மேசைக்கரண்டியாகக் குறைத்து, அந்த இடத்தில் அவித்த கடலை (கொண்டைக்கடலை) 100 கிராம் சேர்த்தேன். அதில் 160 கலோரிக்குச் சற்று மேலும், ஏறக்குறைய 9 கிராம் புரதமும், நிறைய நார்ச்சத்தும் உண்டு. வல்லாரையின் இலேசான கசப்புக்குக் கடலையின் மாப்பிடிப்பு மிகவும் பொருந்துகிறது. காலையில் சாப்பிட்டால் மதியம் ஒரு மணி வரை தாங்குகிறேன். தேசிக்காயை முன்னரே விட்டால் இலையின் பச்சை மங்கிவிடும் என்பதால், நாங்களும் அதை வாயில் வைக்கும் நேரத்துக்கே ஒதுக்குகிறோம்.

கோயம்புத்தூரிலிருந்து ஓர் உறுப்பினர்:

நான் முளைகட்டிய பச்சைப்பயறு வைத்துச் செய்தேன். ஈரத்துணியில் கட்டியது இரண்டாம் நாள் இலேசாக வாடை வீசியும், வீணாக்க மனமின்றி அப்படியே பச்சையாகச் சாப்பிட்டு வயிற்றுப்போக்கில் அவதிப்பட்டேன். முளை வருவதற்கு வேண்டிய அதே ஈரமும் வெப்பமும் கிருமிகள் பெருகுவதற்கும் ஏற்றவை. இப்போது வாடை வந்தால் கொட்டிவிடுகிறேன். நல்ல முளைப்பயறையும் நன்றாக ஆவியில் வேகவைத்த பிறகே காயுடன் சேர்க்கிறேன். வீட்டில் குழந்தைகளோ கருவுற்றவர்களோ இருந்தால் பச்சை முளைப்பயறு வேண்டவே வேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

சோற்றை முற்றிலும் விட முடியாதவர்களுக்கு இன்னொரு வழி எனக்குப் பலன் தந்தது. சாலட்டைத் தொட்டுக்கொள்ளாமல், முதலில் அதை மட்டும் சாப்பிட்டுவிட்டுப் பிறகு சோற்றுக்குப் போகிறேன். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பார்பரா ரோல்ஸ் குழு 2004இல் வெளியிட்ட ஆய்வில், 100 கலோரி மட்டுமே கொண்ட 300 கிராம் சாலட்டை முதலில் சாப்பிட்ட பெண்கள், பின்னால் வந்த பாஸ்தாவைக் குறைவாக உண்டதால், அந்த வேளையில் மொத்தமாக 12 சதவீதம் குறைவான கலோரியே எடுத்திருந்தார்கள். எண்ணெயும் பாலாடைக்கட்டியும் மிகுந்த சாலட்டைப் பெரிய அளவில் தந்தபோது மொத்தக் கலோரி கூடியது என்பதையும் அந்த ஆய்வு சொல்கிறது. இரண்டு கரண்டி சோறு எனக்குத் தானாகவே குறைந்திருக்கிறது.

மதுரை உறுப்பினர், மறுபடியும்:

முளைப்பயற்றைப் பற்றிய எச்சரிக்கைக்கு நன்றி. ஊறிய பாசிப்பருப்பையும் கோடைக்காலத்தில் குளிர்சாதனப் பெட்டியில்தான் வைக்க வேண்டும் என்பதை நான் எழுதத் தவறிவிட்டேன். அலுவலகத்துக்குக் கொண்டுபோகும் நாளில் பருப்பையும் காயையும் ஒரு டப்பாவிலும், தாளிப்பை ஒரு சிறு கிண்ணத்திலும், எலுமிச்சை மூடியையும் உப்பையும் தனியாகவும் எடுத்துச் செல்கிறேன். வல்லாரைக் கட்டு எங்கள் சந்தைக்கு வியாழக்கிழமைதோறும் வருகிறது. இந்த வாரம் யாழ்ப்பாணத்து முறையில் கடலை சேர்த்துச் செய்துவிட்டு எழுதுகிறேன்.