பரத்பூர் ஏரியைக் காத்தது துப்பாக்கியா?

மடையான்: போன மாதம் ராஜஸ்தானில் இருக்கிற பரத்பூர் பறவைகள் சரணாலயத்துக்குப் போயிருந்தேன். கேவலாதேவ் கோயில் பக்கத்தில் வேட்டைக் கணக்கைச் செதுக்கிய கல் நிற்கிறது. 1938 நவம்பர் 12, வைஸ்ராய் லின்லித்கோ பிரபு வந்த அன்று மட்டும் 4,273 பறவைகள். படித்ததும் தொண்டை அடைத்துவிட்டது. அது கைக்குக் கிடைத்தவற்றின் கணக்குதான். குண்டடிபட்டுக் கோரைக்குள் விழுந்து செத்ததை யார் எண்ணினார்கள்? இதற்குப் பிறகும் ‘வேட்டைதான் பறவைகளைக் காத்தது’ என்று எப்படிப் பேசுகிறார்கள்?

ஏரிக்கரை: தம்பி, எனக்கும் அந்த எண் வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த ஏரி அங்கே ஏன் இருக்கிறது என்றும் கேட்கணும். மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் தேங்கிய பள்ளம் அது. அஜான் அணையிலிருந்து வாய்க்கால் வெட்டி, கரை போட்டு, மதகு வைத்தவர்கள் பரத்பூர் அரசர்கள். வாத்து சுடுவதற்காகத்தான் அதையெல்லாம் செய்தார்கள். அந்த ஆசை இல்லையென்றால் இன்று அது கோதுமை வயல். அமெரிக்காவில் 1934 முதல் வாத்து வேட்டைக்குப் போகிறவர் தபால்தலை மாதிரி ஒரு முத்திரை வாங்கியாக வேண்டும். அந்தப் பணத்தில்தான் சதுப்பு நிலங்களை வாங்கிக் காக்கிறார்கள். நம் சாலிம் அலியே சிறுவயதில் சுட்ட ஒரு மஞ்சள் தொண்டைச் சிட்டிலிருந்துதான் பறவையியலுக்கு வந்தார்.

மடையான்: அதே சாலிம் அலிதான் பிறகு பரத்பூருக்காக நின்றார், அதையும் சொல்லுங்கள் அண்ணா. வேடந்தாங்கலைப் பாருங்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டபோது ஊர்க்காரர்கள் செங்கல்பட்டு கலெக்டர் லயோனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798-ல் கவுல், அதாவது பறவைகளைச் சுடக்கூடாது என்ற எழுத்து உத்தரவு, வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் நெல்லுக்கு எரு. அந்தப் பறவைகளைக் காக்க யாரும் சுட வேண்டியிருக்கவில்லை. அப்புறம் ஈயக்குண்டு. சேற்றில் கிடப்பதை, இரை செரிக்க விழுங்கும் கல்மணி என்று நினைத்து வாத்து விழுங்கி விஷமேறிச் சாகும். நீங்கள் சொன்ன அமெரிக்காவே 1991-ல் நீர்ப்பறவை வேட்டைக்கு அதைத் தடைசெய்தது.

ஏரிக்கரை: ஈயத்தில் நீ சொல்வதுதான் சரி. ஆனால் வேடந்தாங்கலிலும் எரு என்ற லாபம் இருந்ததே! லாபம் இருக்கிறவன்தான் காவல் நிற்பான். அதைத்தான் சொல்ல வந்தேன்.

கோரைப்புல்: குறுக்கே வருகிறேன். 1982-ல் பரத்பூர் தேசியப் பூங்கா ஆனதும் எருமை மேய்ச்சலைத் தடுத்தார்கள். கலவரத்தில் போலீஸ் சுட்டுக் கிராமத்து ஆட்கள் செத்தார்கள். மேயாத புல் தண்ணீரை மூடிக்கொண்டது. தடை பறவைகளுக்கே கேடு என்று பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக ஆய்வு சொன்னது. ஊரை வெளியே தள்ளியதை நீங்கள் இருவருமே தொடவில்லை.

மடையான்: நியாயம். அதை நான் யோசிக்கவில்லை.

ஏரிக்கரை: சரி, துப்பாக்கி வேண்டாம். அப்படியானால் மதகுக்குப் பணம் எங்கிருந்து வரும்? பூங்காவுக்கு வரவேண்டிய பாஞ்சனா அணைத் தண்ணீரை விவசாயிகளும் கேட்கிறார்களே.

மடையான்: அங்கே சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுபவர்களுக்குப் பறவை அடையாளம் காணப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். என்னைக் கூட்டிப்போனவர் குரலை வைத்தே பெயர் சொன்னார். ஏரி வற்றிய வருஷம் பயணிகள் இல்லை, வருமானமும் இல்லை என்றார். பூங்காவுக்குத் தண்ணீர் திறக்கச் சொல்லி முதலில் கேட்பவர்கள் அவர்கள்தானாம்.