முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் வலி மாத்திரையால வாந்தி, மலச்சிக்கல், நிறுத்திடலாமா?

அம்மாவுக்கு 67 வயசு. முட்டி மாத்துற ஆபரேஷன் முடிஞ்சு இன்னிக்கு 6வது நாள், வீட்டுக்கு வந்துட்டோம். டிரமடாலும் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரை 3 வேளை எழுதியிருக்காங்க. போட்டா தலை சுத்துது, குமட்டுது, ரெண்டு இட்லி உள்ள போக மாட்டேங்குது, அதைவிட 4 நாளா மோஷன் போகல, வாக்கர் பிடிச்சு பாத்ரூம் போய் கால் மணி நேரம் உக்காந்துட்டு கண் கலங்கி வர்றாங்க. நேத்து தலகாணி உறைய மாத்தும்போது உள்ள 5 மாத்திரை கெடக்குது, முழுங்கிட்டேன்னு சொல்லி ஒளிச்சு வச்சிருக்காங்க. நிறுத்திடலாமா?

சேலத்துப் பொண்ணு:
நீங்களா நிறுத்தாதீங்க அக்கா. எங்கப்பாவுக்கு நாங்க அப்படித்தான் நிறுத்துனோம், வலி தாங்காம பிசியோக்காரர் கால தொடவே விடல, முட்டி இறுகிப்போச்சு, அப்புறம் 90 டிகிரி மடக்க வைக்கிறதுக்குள்ள பட்ட பாடு கொஞ்சமில்ல. டாக்டர்கிட்ட சொன்னதும் ராத்திரிக்கு மலத்த இளக்குற லாக்டுலோஸ் சிரப் குடுத்தாரு, மாத்திரைய சாப்பிட்டு போடச் சொன்னாரு, ரெண்டே நாள்ல சரியாச்சு.

வார்டு நர்ஸ்:
ஆர்த்தோ வார்டுல 11 வருஷமா இருக்கேன்மா. குமட்டல், தலைசுத்தல் பெரும்பாலும் சில நாள்ல பழகிடும், மலச்சிக்கல் மட்டும் பழகாது, ஏன்னா இந்த மருந்து குடலையும் மந்தமாக்குது. அதனால பேதி மருந்தும் கூடவே வேணும், கேட்டு வாங்குங்க. வாழைப்பழம் மட்டும் போதாது, இசப்கோல் வேண்டாம், தண்ணி கம்மியா குடிச்சா அது உள்ளயே அடைச்சுக்கும். வாந்திக்கு குடுக்குற ஆன்டான்செட்ரானும் மலத்த இறுக்கும். வலிக்குதுன்னு தனியா டோலோ 650 போட்றாதீங்க, இதுலயே பாராசிட்டமால் இருக்கு. வயிறு உப்பி காத்தும் பிரியாம வாந்தி எடுத்தாலோ, கூப்பிட்டா முழிக்காம மூச்சு மெதுவா வந்தாலோ ஒரு நிமிஷம்கூட காத்திருக்காம ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போங்க. தூக்க மாத்திரை, மன அழுத்த மாத்திரை ஏதாவது போடுறாங்களா, வலிப்பு வந்திருக்கா?

கேள்வி கேட்டவர்:
வயிறு உப்பல, காத்து பிரியுது. ஆனா தூக்க மாத்திரை 3 வருஷமா போடுறாங்க சிஸ்டர், டிஸ்சார்ஜ் அன்னிக்கு யாரும் கேக்கல, எங்களுக்கும் சொல்லத் தோணல.

வார்டு நர்ஸ்:
தூக்க மாத்திரையும் டிரமடாலும் சேர்ந்தா மூச்சு அடங்கிப்போக வாய்ப்பிருக்கும்மா, அதான் கேட்டேன். வருஷக்கணக்கா போட்ட தூக்க மாத்திரைய திடீர்னு நிறுத்தவும் கூடாது. ராத்திரி டோஸுக்கு முன்னாடியே டாக்டருக்கு ஃபோன் பண்ணுங்க, அந்த தூக்க மாத்திரை அட்டைய கையில வச்சுக்கிட்டு பேரும் மில்லிகிராமும் படிச்சுச் சொல்லுங்க.