தம்பி போனில் பந்தயம் ஆடுகிறான், "ஜெயிச்ச காசை எடுக்க" இன்னும் காசு கேட்கிறான். கொடுக்கலாமா?

கேட்டவர்: மூத்தவள்

தம்பிக்கு இருபத்தாறு வயசு. கொஞ்ச நாளாவே போனைக் கவிழ்த்து வெச்சுக்கிட்டுத்தான் பேசறான். ராத்திரி பாத்ரூமுக்குப் போனா வெளியில வரவே மாட்டான். போன வாரம் கடன் கேட்டான். எதுக்குடான்னு நெருக்கினப்போ ஸ்கிரீனைக் காட்டினான். ஏதோ ஸ்லாட் விளையாட்டு, காசு வெச்சுத் தட்டினா படங்கள் சுத்தி நிக்கறது. மேலே பேலன்ஸ்னு பெரிய தொகை. "இது என் காசுதான்க்கா. போனஸ் கண்டிஷன் முடிஞ்சா எடுத்துடலாம். அதுக்கு இன்னும் கொஞ்சம் ஆடணும், அவ்வளவுதான்"ங்கறான். பொய் சொல்ற முகம் இல்லை, நிஜமாவே நம்பறான். கடன் செயலிகள்லயும் வாங்கியிருக்கான்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. அப்பா அம்மாகிட்ட இன்னும் சொல்லலை.

அந்த பேலன்ஸ் உண்மையா? கடனை நான் அடைச்சுட்டா நிறுத்திடுவானா?

பதில்: வெட்டுக்கிளி

போனைப் பிடுங்கி உடைச்சுப் போடுங்க. ரெண்டு நாள் கத்துவான், சரியாயிடும்.

பதில்: கணக்கன்

வெட்டுக்கிளி, உடைச்சா வேற போன் வரும். கணக்கும் பாஸ்வேர்டும் அங்கேயேதான் இருக்கும். மறைச்சு ஆடறதுதான் கூடும்.

மூத்தவள், இந்த மாதிரி விளையாட்டு நடத்தற ஒரு இடத்துல பணம் வர்ற போற பகுதியில வேலை பார்த்திருக்கேன். அதை வெச்சுச் சொல்றேன்.

முதல்ல போனஸ். 1,000 போனஸ் கொடுத்தா, அதைப்போல 30 மடங்கு பந்தயம் கட்டின பிறகுதான் எடுக்கலாம்னு ஒரு விதி இருக்கும். சில இடத்துல 40 மடங்கு. 30 மடங்குன்னா 30,000க்கு ஆடணும். ஸ்லாட்ல நூறுக்கு 96 திரும்பும்னு போட்டிருக்கான்னு வெச்சுப்போம். 30,000ல 4 சதவீதம் 1,200. ஆயிரத்தைக் கையில வாங்கறதுக்குள்ள சராசரியா ஆயிரத்து இருநூறு போயிடும். உங்க தம்பி பார்க்கற பேலன்ஸ் திரையில இருக்கறது நிஜம், எடுக்க முடியாததும் நிஜம்.

அந்த 96ஐயும் எல்லாரும் தப்பாத்தான் படிக்கறாங்க. 500 போட்டா 480 மிஞ்சும்னு நினைக்கறாங்க. அது ஒவ்வொரு ஸ்பின்னுக்குமான, அதாவது ஒவ்வொரு சுத்துக்குமான கணக்கு. ஸ்பின்னுக்கு 10 வெச்சு ஆறு விநாடிக்கு ஒரு தடவை தட்டினா மணிக்கு 600 ஸ்பின், 6,000 பந்தயம். சராசரியா மணிக்கு 240 காலி. போட்டது ஐந்நூறுதான், அதையே திரும்பத் திரும்பச் சுத்தறதால ரெண்டு மணி நேரத்துல பெரும்பாலும் கரைஞ்சுடும். போன்ல மட்டும் இது ஏன் இவ்வளவு மோசம்னா, அடுத்த பந்தயத்துக்கு எழுந்து போக வேண்டியதில்லை, பையில கை விட வேண்டியதில்லை. கார்டு எண் ஏற்கெனவே உள்ளே இருக்கு.

இன்னொண்ணு. 20 வெச்சு ஆடினா 8 திரும்பி வரும். அதுக்கும் மணி அடிக்கும், நாணயம் கொட்டும், "ஜெயித்தீர்கள்"னு எழுத்து மின்னும். 12 போயிருக்கு சார்!

நான் பக்கத்துல இருந்து பார்த்த வரை ரொம்ப வேலை செஞ்சது வித்ட்ரா பக்கம்தான். ஒருத்தர் ராத்திரி பணம் எடுக்கச் சொல்லி அழுத்துவார். "பரிசீலனையில்"னு வரும். நாள் கணக்குல அப்படியே நிக்கும். அதுக்குக் கீழேயே, கட்டைவிரல் படற இடத்துல, "ரத்து செய்து ஆட்டத்தைத் தொடர" பட்டன். காத்திருக்கறவர் தூக்கம் வராம அதையே பார்த்துக்கிட்டு இருப்பார். விடியறதுக்குள்ள நிறைய பேர் ரத்து பண்ணிடுவாங்க. டெபாசிட் மட்டும் எந்தப் பரிசீலனையும் இல்லாம நொடியில ஏறும்.

பதில்: தென்றல்

"இவ்வளவு தடவை போயிடுச்சு, இனிமே வந்தே ஆகணும்"னும் சொல்வானே? என் ஃப்ரெண்டு ஓயாம சொல்லுவான்.

பதில்: கணக்கன்

எல்லாரும் சொல்றதுதான். 1913ல மான்டே கார்லோ சூதாட்ட விடுதியில ரூலட்ங்கற கறுப்பு, சிவப்புக் கட்டம் போட்ட சுழல் சக்கரத்துல பந்து தொடர்ந்து 26 தடவை கறுப்புல விழுந்துது. அடுத்தது சிவப்புதான்னு பணத்தைக் கொட்டினவங்க எல்லாம் காலி. முன்னாடி விழுந்தது பந்துக்கு ஞாபகம் இருக்காது. போன்ல இருக்கற ஸ்லாட்டும் அப்படித்தான், ஒவ்வொரு ஸ்பின்னும் தனி.

பதில்: செம்பருத்தி

அக்கா, உங்க ரெண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்றேன். என் வீட்டுக்காரர் ஆடினவர். மாமனார் மொத்தக் கடனையும் ஒரே நாள்ல அடைச்சார். ஒழுங்கா கட்டினதால கடன் செயலிகள்ல அவரோட லிமிட் ஏறிடுச்சு! "உங்களுக்கு இன்னும் அதிகக் கடன் தயார்"னு மெசேஜ். விட்டதைப் பிடிக்கணும்ங்கற வெறி அப்படியே இருந்துது, பழைய கடன் மட்டும் இல்லை. அடுத்து என்ன நடந்திருக்கும்னு சொல்லணுமா?

அதனால அவன் கையில காசு கொடுக்காதீங்க. யார்கிட்ட எவ்வளவுன்னு பக்கத்துல உட்கார வெச்சு எழுத வையுங்க. முதல் தடவை எழுதற பட்டியல் முழுசா இருக்காது, ரெண்டு மூணு கடன் மெதுவாத்தான் வெளியில வரும், அதுக்குக் கோபப்படாதீங்க. உதவி பண்றதா இருந்தா கடன் கொடுத்தவங்களுக்கு நேரா கட்டுங்க. கட்டினதும் அந்தக் கணக்கை மூடச் சொல்லி எழுத்துல வாங்குங்க. சம்பளம் வர்ற கணக்கைக் கொஞ்ச காலம் நீங்களும் பார்க்கற மாதிரி ஏற்பாடு பண்ணுங்க, அவன் சம்மதத்தோட. ஆட்டக் கணக்குல "சுய விலக்கு"ன்னு, இனிமே என்னை ஆட விடாதேன்னு தானே பூட்டிக்கற வசதி இருந்தா அதை அவனே போடணும். பந்தயத் தளங்களைத் தடுக்கற செயலிகள் இருக்கு, போட்டுட்டு அதோட பாஸ்வேர்டை நீங்க வெச்சுக்கோங்க.

சோம்பேறி, பேராசைக்காரன்னு திட்டாதீங்க. எங்க டாக்டர் சொன்னார், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தோட நோய்ப் பட்டியல்ல 2013லயே இதை மது, போதைப் பழக்கம் இருக்கற பிரிவுக்கு மாத்திட்டாங்களாம். மனநல மருத்துவரைப் பார்க்கறது வெட்கமில்லை. அப்புறம் ஒண்ணு, இதைத் தள்ளிப் போடாதீங்க. செத்துடலாம்னு தோணுதான்னு அவன்கிட்ட நேராவே கேளுங்க. கேட்டா அந்த எண்ணம் வந்துடும்னு பயப்படாதீங்க, அப்படி வராது. கடன் வெளியில தெரியற சமயத்துல ஆபத்து அதிகமாகலாம், அப்போ தனியா விடாதீங்க.

கேட்டவர்: மூத்தவள்

எல்லாருக்கும் நன்றி. கேட்டேன், அழுதான். தனியா விடலை, டாக்டர் அப்பாயின்ட்மென்ட் வாங்கியாச்சு. இப்போ புதுசா ஒண்ணு காட்டறான். விளையாட்டோட "ஏஜென்ட்"னு ஒருத்தன் மெசேஜ் குரூப்ல, மொத்த பேலன்ஸையும் விடுவிக்கறேன், முதல்ல வரியா பத்து சதவீதம் அனுப்புன்னு கேட்கறானாம்.

பதில்: கணக்கன்

அனுப்பாதீங்க. வரி பிடிக்கறதா இருந்தா கொடுக்கற தொகையில கழிச்சுக்குவாங்க, முன்னாடி அனுப்பச் சொல்ல மாட்டாங்க. இது பச்சை மோசடி. பத்து அனுப்பினா அடுத்து "சரிபார்ப்புக் கட்டணம்"னு வருவான். அரட்டையை அழிக்காம ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்க, அவன் கொடுத்த கணக்கு எண்ணும் தெரியணும். ஏற்கெனவே ஏதாவது அனுப்பியிருந்தா இன்னிக்கே பேங்குக்குச் சொல்லி, சைபர் போலீஸ்லயும் புகார் கொடுங்க.