நேரடி விளம்பர விலையைக் குறைத்த பிறகும் வருமானம் சரிகிறது: எங்கே தவறுகிறேன்?

கேள்வி: மாம்பலம் பதிப்பாளர்

வணக்கம். தியாகராய நகர், மாம்பலம், சைதாப்பேட்டை, அசோக் நகர் ஆகிய வட்டாரங்களின் செய்திகளுக்கென்று ஒரு தமிழ் இணையதளத்தை மூன்று பேராகச் சேர்ந்து நடத்தி வருகிறோம். எங்களுக்கு வருமானம் இரண்டு வழிகளில் வருகிறது. கடைக்காரர்களிடம் நேரில் சென்று பேசி வாங்கும் விளம்பரம் ஒரு வழி. அதில் விற்காமல் மிஞ்சும் இடங்களை ஒரு பங்குதாரர் நிறுவனத்தின் மூலம் கூகுள் ஆட் மேனேஜர் என்ற விளம்பர விற்பனை மென்பொருளின் திறந்த ஏலத்தில் விடுவது மற்றொரு வழி.

சிக்கல் ஏப்ரலில் தொடங்கியது. பனகல் பூங்காவுக்கு அருகில் உள்ள ஒரு பட்டுச் சேலைக் கடை, ஆயிரம் பார்வைக்கு 120 ரூபாய் என்ற விலையில் மாதம் இரண்டரை லட்சம் பார்வைகளை வாங்கி 30,000 ரூபாய் கொடுத்து வந்தது. எங்களைப் போலவே வட்டாரச் செய்தி வெளியிடும் வேறொரு தளம் அதே கடைக்கு 70 ரூபாய் என்று விலை சொல்லியிருக்கிறது. வாடிக்கையாளரை இழந்துவிடக் கூடாது என்ற பதற்றத்தில் நான் 75 ரூபாய்க்கு இறங்கினேன். மே மாதம் 18,750 ரூபாய் வந்தது. ஜூன் மாதம் கடைக்காரர் விளம்பரத்தையே நிறுத்திவிட்டார்.

அங்கே விழுந்த ஓட்டையை ஏலத்தில் அடைக்கலாம் என்று எண்ணி, ஃப்ளோர் விலையை, அதாவது இதற்குக் கீழே கேட்டால் விற்பதில்லை என்ற அடிமட்ட விலையை, 15 ரூபாயிலிருந்து 45 ரூபாயாக உயர்த்தினேன். சராசரி சிபிஎம் (ஆயிரம் பார்வைக்கான விலை) 28 ரூபாயிலிருந்து 52 ரூபாய்க்கு ஏறியதைப் பார்த்து முதல் வாரம் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் கைக்கு வரும் தொகை குறைந்துவிட்டது. ஃபில் ரேட், அதாவது விளம்பரக் கோரிக்கைகளில் விற்றவற்றின் பங்கு, 92 விழுக்காட்டிலிருந்து 41 விழுக்காட்டுக்கு இறங்கியிருக்கிறது. விளம்பரக் கோரிக்கைகள் (பக்கம் திறக்கும்போது ஒவ்வோர் இடத்துக்கும் விளம்பரம் கேட்டுச் செல்லும் அழைப்புகள்) மாதத்துக்குச் சுமார் 18 லட்சம். அதில் மாற்றம் இல்லை.

போட்டித் தளத்தைவிடக் குறைத்து 60 ரூபாய் என்று சொல்லிக் கடைக்காரரை மீட்பதா, ஃப்ளோர் விலையை இன்னும் உயர்த்துவதா என்று விளங்கவில்லை. இன்னொரு வேடிக்கை: விளம்பரத்தை நிறுத்திய அதே கடையின் ஆடித் தள்ளுபடி விளம்பரம் நேற்றுகூட எங்கள் தளத்தில், குடிநீர் லாரி பற்றிய செய்தியின் நடுவில் தென்பட்டது. பழைய விளம்பரம் கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) தங்கிவிட்டதோ என்று நினைக்கிறேன். அதை நீக்கும் வழியையும் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: விளம்பர முகவர், அண்ணா சாலை

வணக்கம் சார். முதலில் ஒரு சிறு கணக்கு. 120 ரூபாய் விலையை 75 ரூபாயாகக் குறைத்தால், பழைய தொகையே கிடைப்பதற்கு 1.6 மடங்கு பார்வைகளை விற்றாக வேண்டும். அதாவது இரண்டரை லட்சத்துக்குப் பதிலாக நான்கு லட்சம். அந்தக் கடைக்கு அத்தனை பார்வைகள் தேவையே இல்லை என்றால், நீங்கள் கொடுத்தது வெறும் தள்ளுபடி. 60 ரூபாய்க்கு இறங்கினால் இரண்டு மடங்கு விற்க வேண்டியிருக்கும். ஆகவே அந்த எண்ணத்தைக் கைவிடுங்கள்.

போட்டியாளர் சொன்ன 70 ரூபாய் 18 விழுக்காடு ஜிஎஸ்டியைச் சேர்த்தா, சேர்க்காமலா, முகவர் கமிஷன் 15 விழுக்காடு போகவா, போகாமலா என்று கேட்டீர்களா? இரண்டு விலைகளையும் ஒரே அடிப்படைக்குக் கொண்டுவராமல் ஒப்பிட்டுவிட்டுப் பயந்து இறங்கியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பதில்: வேளச்சேரி வலைத்தளம்

எங்களுக்கும் இதே தொல்லைதான். சென்னையில் வட்டாரச் செய்தித் தளம் நடத்துகிறவர்கள் எல்லோரும் கூடிப் பேசி, ஆயிரம் பார்வைக்கு 100 ரூபாய்க்குக் கீழே யாரும் விற்பதில்லை என்று ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் என்ன? ஒருவரை ஒருவர் வெட்டிக்கொள்வது அத்துடன் நின்றுவிடும் அல்லவா?

பதில்: கணக்குத் தணிக்கையாளர், அடையாறு

வேண்டாம், நண்பரே. போட்டியாளர்கள் கூடி விலையை நிர்ணயிப்பதை 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம், பிரிவு 3இன் கீழ் தடை செய்கிறது. கார்ட்டல், அதாவது போட்டியாளர்களின் விலைக் கூட்டணி, என்று நிறுவப்பட்டால், அது நீடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் இலாபத்தின் மூன்று மடங்கு அல்லது விற்றுமுதலில் 10 விழுக்காடு, இவற்றில் எது அதிகமோ அதுவரை இந்தியப் போட்டி ஆணையம் அபராதம் விதிக்க முடியும். சிறிய தளங்கள் என்பதால் விலக்கு உண்டு என்று எண்ணிவிடாதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் எழுதிய ஒரு வரியும் சான்றாக நிற்கும். சில தளங்கள் இணைந்து உண்மையாகவே ஒரு கூட்டு விற்பனை அமைப்பைத் தொடங்கி, ஒரே தொகுப்பாக இடங்களை விற்பது வேறு வகை. செயல்திறனைக் கூட்டும் கூட்டு முயற்சிகளுக்கு அதே பிரிவில் இடம் உண்டு. அதையும் வழக்கறிஞரைக் கேட்காமல் செய்யக் கூடாது.

பதில்: ஏலப் பொறியாளர், தரமணி

கேள்வியின் கடைசிப் பத்தியில் போகிற போக்கில் சொன்ன செய்தியில்தான் விடை இருக்கிறது. ஏப்ரலிலும் மே மாதத்திலும் ஓடிய விளம்பரத்தில் ஆடித் தள்ளுபடி என்று எப்படி எழுதியிருக்கும்? அது கேஷில் தங்கிய பழைய விளம்பரம் அல்ல, புதிதாக வாங்கப்பட்ட விளம்பரம். அந்தக் கடை உங்கள் தளத்தை விட்டுப் போகவில்லை. முன்வாசலில் 75 ரூபாய் கொடுப்பதை நிறுத்திவிட்டு ஏலம் என்ற பின்வாசலில் நுழைந்திருக்கிறது. விளம்பரதாரர்கள் இடம் வாங்கும் கூகுள் ஆட்ஸில் சென்னை என்ற ஊரையும் வாசகரின் விருப்பங்களையும் குறித்து வாங்கினாலும் உங்கள் பக்கத்தில் அவர்கள் விளம்பரம் வரக்கூடும்; உங்கள் தளத்தின் முகவரியையே குறிப்பிட்டும் வாங்க முடியும். ஆட் மேனேஜரின் அறிக்கையை விளம்பரதாரர் வாரியாகப் பிரித்து, அந்தக் கடையின் பெயரில் எத்தனை பார்வைகள், என்ன சராசரி விலை என்று பார்த்துச் சொல்லுங்கள்.

ஃப்ளோர் விலையைப் பற்றி. 92 விழுக்காடு ஃபில் ரேட்டில் 28 ரூபாய் என்றால், ஆயிரம் கோரிக்கைக்கு உங்களுக்குக் கிடைத்தது 25 ரூபாய் 76 காசு. 41 விழுக்காட்டில் 52 ரூபாய் என்றால் 21 ரூபாய் 32 காசு. 18 லட்சம் கோரிக்கைக்குக் கணக்கிட்டால் மாதம் ஏறத்தாழ 8,000 ரூபாய் நட்டம். விற்றவற்றின் சராசரியை மட்டும் பார்த்து மகிழ்ந்தீர்கள்; விற்காமல் போனவை அந்தச் சராசரியில் சேராது. கோயம்பேட்டில் காலையில் கத்தரிக்காய்க்குச் சொன்ன விலையையே உச்சி வெயில் வரை பிடித்துக்கொண்டிருப்பவர், விற்ற கூடைகளின் விலையை மட்டும் சொல்லிப் பெருமைப்படலாம், வாடிய கூடைகளைப் பற்றிப் பேச மாட்டார். விளம்பர இடம் கத்தரிக்காயைவிட மோசம். வாசகர் பக்கத்தை மூடிய நொடியிலேயே அது வீணாகிவிடுகிறது. இன்னொரு பார்வையைத் தருவதற்கு நமக்குத் தனிச் செலவு ஏறக்குறைய இல்லை என்பதால்தான் எல்லோரும் விலையை வெட்டுகிறார்கள், உங்கள் போட்டியாளரும் அப்படித்தான்.

ஃப்ளோரை உயர்த்தினால் வருமானம் உயரும் என்ற அறிவுரை பழைய காலத்துக்குரியது. ஆட் மேனேஜர் 2019 வரை இரண்டாம் விலை ஏலத்தில் இயங்கியது. ஒருவர் 60 ரூபாய் கேட்டு, அடுத்தவர் 20 ரூபாய் கேட்டால், வென்றவர் 20 ரூபாயை ஒட்டித்தான் கொடுப்பார். அங்கே 45 ரூபாய் ஃப்ளோர் வைத்தால் அவர் 45 கொடுத்தாக வேண்டும், ஆகவே ஃப்ளோர் விலை உண்மையிலேயே பணத்தைக் கூட்டியது. அந்த ஆண்டு அது முதல் விலை ஏலத்துக்கு மாறியது. இப்போது 60 கேட்டவர் 60 கொடுக்கிறார். வாங்குவோரின் மென்பொருள்கள் தேவைக்கு மேல் கேட்காதபடி தொகையைத் தாங்களே குறைத்துக் கேட்கப் பழகிவிட்டன. அப்படிக் குறைத்துக் கேட்பவரைச் சற்று மேலே தள்ளுவது ஒன்றுதான் ஃப்ளோர் விலைக்கு மிச்சமிருக்கும் வேலை. மேலே வர மனமில்லாதவர் போய்விடுவார். உங்களிடம் பாதிப் பேர் அப்படிப் போயிருக்கிறார்கள்.

மறுமொழி: மாம்பலம் பதிப்பாளர்

அறிக்கையைப் பிரித்துப் பார்த்தேன். சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது. ஃப்ளோரை உயர்த்துவதற்கு முந்தைய இரு வாரங்களில் மட்டும் அந்தக் கடையின் பெயரில் 95,000 பார்வைகள் விற்றிருக்கின்றன. சராசரி விலை 34 ரூபாய். ஆக 3,230 ரூபாய். முன்பு 120 ரூபாய்க்கு விற்ற அதே பக்கங்களில் அதே கடையின் விளம்பரம் ஓடியிருக்கிறது. ஃப்ளோர் உயர்ந்த பிறகு அவர்கள் 46, 47 ரூபாய் கேட்டு இன்னும் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். போட்டித் தளத்தின் 70 ரூபாயை எண்ணி நான் உறக்கத்தைத் தொலைத்திருந்தபோது, என்னை அடிமாட்டு விலைக்கு விற்றவன் நானேதான் என்று தெரிகிறது. இனி என்ன செய்ய வேண்டும்? அந்தக் கடையை ஏலத்தில் முழுவதுமாகத் தடுத்துவிடலாமா?

பதில்: ஏலப் பொறியாளர், தரமணி

முழுத் தடை முரட்டு வழி; அவர்கள் நேரடியாகத் திரும்பி வராவிட்டால் 34 ரூபாயும் போய்விடும், மற்ற துணிக்கடைகளுக்கு ஏலத்தில் போட்டியும் குறையும். யூனிஃபைட் பிரைசிங் ரூல் என்ற பகுதியில் குறிப்பிட்ட விளம்பரதாரருக்கு மட்டும் தனி ஃப்ளோர் வைக்கலாம். எந்த ஏலச் சந்தை வழியாக வருகிறார் என்பதைப் பொறுத்து வேறு வேறு ஃப்ளோர் வைக்கும் வசதி 2019இல் போய்விட்டது. விளம்பரதாரரைப் பொறுத்து வைக்கும் வசதி இருக்கிறது. நேரடியாக விளம்பரம் தருகிற, அல்லது தரக்கூடிய எல்லாக் கடைகளையும் ஒரு தாளில் எழுதி, அவர்களுக்கான ஃப்ளோரை உங்கள் நேரடி விலையை ஒட்டி, 110 ரூபாய் என்று வையுங்கள். பின்வாசலில் விலை மலிவாக இல்லை என்று தெரிந்தால்தான் முன்வாசலுக்கு மதிப்பு இருக்கும்.

மற்றவர்களுக்கான பொது ஃப்ளோரை 20 ரூபாய்க்குக் கொண்டுவந்து, வாரத்துக்கு இரண்டு ரூபாய் மட்டும் ஏற்றுங்கள். ஒவ்வொரு முறையும் ஆயிரம் கோரிக்கைக்கான வருமானத்தைக் குறித்து வையுங்கள். அது இறங்கத் தொடங்கும் இடத்திலிருந்து ஒரு படி பின்னால் வந்து நில்லுங்கள். செய்தியின் நடுவில் வரும் 300க்கு 250 பிக்சல் அளவுக்கும், கைப்பேசியின் அடியில் ஒட்டி நிற்கும் 320க்கு 50 அளவுக்கும் ஒரே ஃப்ளோர் பொருந்தாது. இழப்பை ஈடுகட்டப் புதிய விளம்பர இடங்களைச் சேர்க்க வேண்டாம். விளம்பரத்தின் பாதிப் பரப்பாவது ஒரு நொடி கண்ணில் பட்டால்தான் அது பார்க்கப்பட்டதாகக் கணக்கு. யாரும் இறங்கிப் பார்க்காத அடிப்பக்கத்தில் இடங்களை அடுக்கினால் தளத்தின் சராசரி கெட்டு, நல்ல இடங்களுக்கும் குறைத்துத்தான் கேட்பார்கள்.

பதில்: விளம்பர முகவர், அண்ணா சாலை

ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். கடைக்காரரிடம் மறுபடியும் ஆயிரம் பார்வைக் கணக்கைப் பேசாதீர்கள். அந்தக் கணக்கில் பேசும் வரை அவர் உங்களை 70 ரூபாயோடும் 34 ரூபாயோடும் ஒப்பிட்டுக்கொண்டேதான் இருப்பார். ஏலத்தில் கிடைக்காத பொருளை விற்க வேண்டும். தியாகராய நகர் பக்கம் முழுவதும் ஒரு வாரம் அவர் ஒருவருடைய விளம்பரமே, வேறு சேலைக்கடை எதுவும் வராது என்று சொன்னால், அதை எந்த ஏலத்திலும் அவரால் வாங்க முடியாது. நம் ஊரில் ஆடி, தீபாவளி, அட்சய திருதியை என்று கடைகளின் ஆண்டே வாரங்களால் ஆனது. விலையையும் வாரத்தில் சொல்லுங்கள்.

மறுமொழி: மாம்பலம் பதிப்பாளர்

ஆறு வாரங்கள் கழித்து எழுதுகிறேன். பொது ஃப்ளோர் 24 ரூபாயில் நிற்கிறது. 26க்கு ஏற்றியபோது வருமானம் இறங்கியது. இப்போது ஃபில் ரேட் 84 விழுக்காடு, சராசரி 31 ரூபாய், ஆயிரம் கோரிக்கைக்கு 26 ரூபாய் 4 காசு. பழைய 25 ரூபாய் 76 காசைவிட இது பெரிய ஏற்றம் இல்லை. ஆனால் 21 ரூபாய்க் குழியிலிருந்து ஏறிவிட்டோம்.

பட்டியலில் ஒன்பது கடைகளை எழுதி 110 ரூபாய் வைத்தேன். நான்காம் நாள் அந்தச் சேலைக்கடையின் மேலாளரே அழைத்து, "உங்கள் தளத்தில் எங்கள் விளம்பரம் இப்போது வருவதில்லையாமே?" என்று கேட்டார். அவருடைய முதலாளி தினமும் காலையில் எங்கள் தளத்தைத் திறந்து பார்ப்பவராம்; விளம்பரம் கண்ணில் படாததைக் கண்டுபிடித்தவர் அவர்தான். ஆடி மாதத்தின் இரண்டு வாரங்களுக்குத் தியாகராய நகர் பக்கத்தை வாரம் 11,000 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பக்கத்தில் ஏலத்தின் வழியாக வேறு சேலைக்கடை வராதபடி அந்தக் கடைகளை அங்கே மட்டும் தடுத்திருக்கிறேன். முதல் நாள் ஒரு கடை விடுபட்டுப்போய், மேலாளர் திரையைப் படம் பிடித்து அனுப்பிவிட்டார்.

பட்டியலில் உள்ள இரண்டு நகைக்கடைகள் 110 ரூபாய் ஃப்ளோரைக் கண்டதும் ஏலத்தில் இருந்து ஒதுங்கிவிட்டன, நேரடியாகவும் வரவில்லை. அவற்றுக்கு மட்டும் 60 ரூபாயாகக் குறைத்துப் பார்க்கிறேன். தீபாவளி வாரத்துக்கு அதே சேலைக்கடை இப்போதே விலை கேட்கிறது. ஆடிக்குச் சொன்ன விலையையே சொல்லக் கூடாது என்பது மட்டும் தெரிகிறது. எவ்வளவு ஏற்றலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்: விளம்பர முகவர், அண்ணா சாலை

இன்று தொகை எதையும் சொல்லாதீர்கள், சார். பட்டியலில் உள்ள மற்ற துணிக்கடைகளிடம் தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரங்களும் காலியாக இருப்பதாகச் சொல்லி, ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக விலை கேளுங்கள். இரண்டு பேரிடமிருந்து தொகை வந்த பிறகு இவரிடம் பேசலாம்.