புதுப்பிப்பு: தாத்தா பேருக்குப் பின்னால் ‘கில்லேதார்’

போன மாதம் கேட்டிருந்தேனே, கிருஷ்ணகிரி தாத்தாவின் கிரயப் பத்திரத்தில் பேரோடு ‘கில்லேதார்’ என்று இருக்கிறது, அது சாதியா ஊரா என்று. இரண்டுமே இல்லை, பதவி. அரபியில் ‘கலா’ என்றால் கோட்டை, பாரசீகத்தில் ‘தார்’ என்றால் உடையவர். கோட்டைத் தலைவர். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் கிருஷ்ணகிரி அடங்கிய பாராமகால் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போகும்வரை இங்கே மைசூர் ஆட்சிதான்.

பெல்காம், கோலாப்பூர் பக்கம் இந்தப் பேர் இன்றும் உண்டு, இந்துக்களிலும் முஸ்லிம்களிலும். பேர் ஒன்று என்பதால் வம்சம் ஒன்றாகிவிடாது, ‘சொந்தமா?’ என்று கேட்ட அண்ணனுக்கு இதுதான் பதில்.

பெரியத்தை நேற்று பத்திரத்தைப் பிரித்துக் காட்டினார். மடிப்பில் ‘லே’ பாதி தேய்ந்துவிட்டது. அப்பாவுக்கு மட்டும் ஏன் வெறும் இனிஷியல் என்றேன். “பள்ளிக்கூடத்துல சேக்கும்போது வாத்தியார் எழுதினதுதான்டா” என்றார். மகள் பேரில் ‘கில்லேதார்’ என்பதைச் சேர்க்கப்போகிறேன்.