லீகாவா, சப்ரிஸாவா? கோஸ்டா ரிகா போனவங்க உங்க கதையைச் சொல்லுங்க

திபாஸ் வாசி:

கோஸ்டா ரிகாவுல கால் வெச்ச எல்லார்கிட்டயும் இந்தக் கேள்வி வந்திருக்கும். டாக்சிக்காரர் கேப்பார், முடி வெட்டுறவர் கேப்பார், ஆபீஸ்ல மொத நாள் அறிமுகம் முடிஞ்ச கையோட பக்கத்து சீட்டுக்காரர் கேப்பார்: "நீ லீகாவா, சப்ரிஸாவா?" ரெண்டும் அந்த நாட்டோட பெரிய ஃபுட்பால் கிளப். லீகான்னா அலஹுவேலா ஊரோட லீகா தெபோர்த்திவா அலஹுவெலென்ஸே, சிவப்பு-கறுப்பு. சப்ரிஸான்னா ஊதா. எனக்கு ஃபுட்பால்ல ஆர்வமே இல்லைன்னு சொல்லிப் பாருங்க. "சரி, பரவால்ல. ஆனா லீகாவா, சப்ரிஸாவா?"ன்னு திரும்பவும் வந்து நிப்பாங்க. நீங்க எந்தப் பக்கம், எப்படிப் போய்ச் சேந்தீங்கன்னு சொல்லுங்க.

நானே ஆரம்பிக்கிறேன். வேலை விஷயமா சான் ஹோஸேல இருந்தப்ப எனக்கு வாடகைக்குக் கிடைச்ச வீடு திபாஸ்ல, சப்ரிஸா ஸ்டேடியத்துக்கு நடந்து போற தூரம். அந்த ஊர்ல கதவு எண், தெருப் பேரெல்லாம் சொல்ற வழக்கம் இல்லை. ஏதாவது ஒரு அடையாளத்தைச் சொல்லி, அதுலேர்ந்து வடக்கே 200 மீட்டர், கிழக்கே 50 மீட்டர்னு சொல்றதுதான் விலாசம். எனக்கு வாய்ச்ச அடையாளம் அந்த ஸ்டேடியம். ராத்திரி பீட்சா வரவழைக்கணும்னாகூட சப்ரிஸா பேரைச் சொல்லித்தான் ஆகணும். அப்புறம் நான் எங்க லீகா ஆகுறது?

வீட்டு ஓனர் எழுபதைத் தாண்டின பெரியவர். வாடகை குடுக்கப் போனா காபியும் கிளப் சரித்திரமும் கிடைக்கும். 1935ல சான் ஹோஸேயோட தெற்குப் பக்கம், லோஸ் ஆங்ஹெலெஸ்ங்கிற பேட்டையில பேத்தோ ஃபெர்னாந்தெஸ்னு ஒருத்தர் பசங்களைச் சேத்து டீம் கட்டுறார். சட்டைக்குக் காசு வேணும். போய்ப் பாத்தது ரிக்கார்தோ சப்ரிஸாவை. எல் சால்வதோர்ல பிறந்த கத்தலான் வம்சத்து மனுஷன். எஸ்பான்யோல் கிளப்புக்கு ஃபுட்பால் ஆடினவர். 1924 பாரிஸ் ஒலிம்பிக்ல ஸ்பெயினுக்காக டென்னிஸ் ஆடினவர். சான் ஹோஸேல துணி மில் நடத்துனவர். காசு வந்துச்சு, கிளப்புக்கு அவர் பேரும் வந்துச்சு. மில்லுல சிவப்பு நூலும் நீல நூலும் கலந்துபோய்த்தான் அந்தக் கத்தரிப்பூ நிறம் வந்துச்சுன்னு ஒரு கதை உண்டு. பெரியவர் அதைச் சத்தியம் பண்ணிச் சொல்லுவார். எனக்கென்னமோ நிறம் அமைஞ்சதுக்கு அப்புறம் கட்டின கதைன்னுதான் தோணும். அவர்கிட்ட சொல்லல, வாடகை ஏத்திடுவார்.

1949ல முதல் டிவிஷன், 1952ல முதல் பட்டம். 1959ல உலகத்தையே ஒரு சுத்து சுத்தி 22 மேட்ச் ஆடி, அதுல 14 ஜெயிச்சுட்டு வந்தாங்க. லத்தீன் அமெரிக்காவுலேர்ந்து அப்படிக் கிளம்பின முதல் டீம் அதுதான்னு அவங்களுக்குப் பெருமை. 1972ல திபாஸ் ஸ்டேடியம் திறந்தாங்க. அந்த வருஷத்துலேர்ந்து 1977 வரைக்கும் வரிசையா ஆறு பட்டம். டீமுக்குப் பேர் ஊதா ராட்சசன், ஸ்டேடியத்துக்குப் பேர் ராட்சசனோட குகை. அங்க 2003ல செயற்கைப் புல் போட்டாங்க. தேசிய அணி ஆட வந்தாலும் எதிராளிக்கு அது குகைதான்: 2009 ஜூன்ல அமெரிக்கா வந்து 3-1ன்னு வாங்கிட்டுப் போச்சு, மொத கோல் ரெண்டாவது நிமிஷமே விழுந்துச்சு.

கிளாசிகோ, அதாவது லீகாவும் சப்ரிஸாவும் மோதுற அன்னிக்கு உள்ள போனா காது அடைக்கும். கோலுக்குப் பின்னாடி நிக்கிற ஊல்த்ரா மொராதாங்கிற சப்ரிஸா ரசிகர் கூட்டம் தொண்ணூறு நிமிஷமும் உக்காராது. மழைக்காலம்னா சாயங்காலம் நிச்சயம் கொட்டும், யாரும் எழுந்திருக்க மாட்டாங்க. கையில கால்தோசா இருக்கும்: சிப்ஸ் பாக்கெட்டைக் கிழிச்சு, எலுமிச்சைச் சாறுல ஊறின மீனை அதுக்குள்ளயே ஊத்திக் குடுப்பாங்க. ஸ்டேடியம் சாப்பாட்டுல அதை அடிச்சுக்க ஒண்ணும் இல்லை.

2014 மே மாசம் நான் அங்கதான் இருந்தேன். ரெண்டு கிளப்புக்கும் தலா 29 பட்டம். முப்பதை மொதல்ல தொடப்போறது யாருங்கிற இறுதிப்போட்டியில ரெண்டு பேருமே மோதுனாங்க. முப்பது எங்களுக்கு வந்துச்சு. அன்னிக்கு ராத்திரி திபாஸ்ல யாரும் தூங்கல, தூங்கவும் விடல.


யோகோஹாமா ராஜா:

எனக்குக் கோஸ்டா ரிகா வரைபடத்துல எங்க இருக்குன்னே 2005 வரைக்கும் சரியாத் தெரியாது. அப்ப ஜப்பான்ல வேலை. கிளப் உலகக் கோப்பை இறுதிப்போட்டிக்கு டிக்கெட் வாங்கியிருந்தேன், லிவர்பூலுக்காக. அதே ஸ்டேடியத்துல அதுக்கு முன்னாடி மூணாவது இடத்துக்கான மேட்ச். சீக்கிரம் போய் உக்காந்தா ஒரு பக்கம் சவூதியோட அல்-இத்திஹாத், இன்னொரு பக்கம் ஊதாச் சட்டை.

முந்தின ஆட்டத்துல லிவர்பூல் இவங்களை 3-0ன்னு தோக்கடிச்சிருந்துச்சு. கிரவுச் ரெண்டு, ஜெரார்ட் ஒண்ணு. அதனால பெருசா எதிர்பார்க்கல. சபோரியோ மொத கோல் போட்டார், அப்புறம் அல்-இத்திஹாத் ரெண்டு போட்டுடுச்சு. ஆட்டம் முடியப்போகுது. 85ஆவது நிமிஷம் பெனால்டி, சபோரியோ அடிச்சு 2-2. 89ல ரொனால்டு கோமெஸ் 3-2. எனக்கு ரெண்டு வரிசை முன்னாடி, பூமியோட அந்தப் பக்கத்துலேர்ந்து வந்து சேந்த ஒரு குடும்பம். அப்பா அழுறார், பையன் அப்பாவைப் பாத்துப் பயந்து அழுறான். அப்புறம் நடந்த இறுதிப்போட்டியில சாவ் பாவ்லோ ஒரே கோல்ல லிவர்பூலை முடிச்சுட்டாங்க. ஆக, நான் காசு குடுத்துப் பாக்கப் போன டீம் தோத்துச்சு, ஓசியில பாத்த டீம் மனசுல ஒட்டிக்கிச்சு.

அந்தப் போட்டித்தொடர்ல சிறந்த ஆட்டக்காரர்களுக்குக் குடுக்குற பந்து விருதுல சப்ரிஸாவோட கிறிஸ்தியான் பொலானோஸுக்கு வெண்கலம் கிடைச்சுது. தங்கம் சாவ் பாவ்லோவோட ரொஜேரியோ செனி, வெள்ளி ஜெரார்ட். ஜெரார்டுக்குப் பக்கத்துல சப்ரிஸா ஆள் நின்ன போட்டோவைப் பாக்காம யாரும் திபாஸைத் தாண்ட முடியாதுன்னு நினைக்கிறேன்.


ரொறன்ரோ மருமகள்:

யோகோஹாமா அண்ணா, கோவியாதேங்கோ. அந்த ஜப்பான் பயணம் எங்களுக்கு வரவேண்டியது.

என்ரை மனுசன் அலஹுவேலா ஆள். நான் கலியாணம் கட்டினது அவரை மட்டும் எண்டுதான் நினைச்சன், பிறகுதான் விளங்கிச்சு லீகாவையும் சேர்த்துக் கட்டிப்போட்டன் எண்டு. மாமியார் வீட்டிலை ஊதாச் சட்டை போட்டுக்கொண்டு சாப்பிட இருக்கேலாது. பகிடி இல்லை, ஒருக்கா மச்சாளின்ரை காதலன் போட்டுக்கொண்டு வந்தவன். மாமி ஒண்டும் சொல்லேல்லை, ஒரு துவாயைக் கொண்டுவந்து அவன்ரை தோளிலை போத்திப்போட்டுத்தான் சோறு போட்டவ.

2004 கதையை மாமாதான் எனக்குச் சொன்னவர். கொங்ககாஃப் (வட, மத்திய அமெரிக்க, கரீபியன் கால்பந்துச் சங்கம்) சம்பியன் கிண்ணத்து இறுதியாட்டம், லீகாவும் சப்ரிஸாவும். அதிலை வெல்லுறவைதான் கிளப் உலகக் கிண்ணத்துக்குப் போறது. திபாஸிலை 1-1. திரும்பி அலஹுவேலாவிலை, மொரேரா சோத்தோ மைதானத்திலை 4-0. நாலு! ஆனா அந்த வருசம் கிளப் உலகக் கிண்ணமே நடக்கேல்லை. 2000இலை ஒருக்கா வைச்சிட்டு நிப்பாட்டிப்போட்டினம். திரும்பத் தொடங்கினது 2005. அந்த வருசம் மெக்சிக்கோவின்ரை பூமாஸை வெண்டு சம்பியனானது சப்ரிஸா. அவை ஜப்பான் போச்சினம், நாங்கள் வீட்டிலை இருந்து பார்த்தம். மாமா அந்த ஆட்டங்களை முழுக்கப் பார்த்தவர், ஒவ்வொரு கோலுக்கும் எழும்பி வெளியிலை போய் மரத்துக்குத் தண்ணி விட்டவர்.

திபாஸ் அண்ணா முப்பதைப் பற்றி எழுதி நிப்பாட்டிப்போட்டார், மிச்சத்தை நான் சொல்லுறன். 2013 கடைசியிலை எங்களுக்கு 29. அடுத்த ஒண்டு வர ஏழு வருசம். எத்தினை இறுதியாட்டம் வந்து வந்து தவறிப்போச்சு! சப்ரிஸாக்காரர் முப்பது எண்ட இலக்கத்தைக் கண்டாலே சிரிப்பினம். மனுசனுக்கு முப்பது வயசு வந்த அண்டைக்கு வேலையிடத்திலை கேக்கிலை "29+1" எண்டு எழுதிக் குடுத்தவை. எங்கடை பழைய ஆட்டக்காரர் பிரையன் ருயிஸ் திரும்பி வந்து, 2020 டிசம்பரிலை எரெதியானோ எண்ட கிளப்பை வெண்டு அந்த முப்பது வந்தது. அடுத்த பெப்ரவரியிலை கொங்ககாஃப் லீக் இறுதியாட்டத்திலை சப்ரிஸாவையும் 3-2 எண்டு வெண்டம். கொரோனாவாலை மைதானத்திலை ஒருத்தரும் இல்லை. மாமி சாமி அறையிலை விளக்கேத்திப்போட்டு ரீவியைப் பார்க்காமலே காதாலை கேட்டவ.


திபாஸ் வாசி:

அக்கா, அதே 2021ல சில மாசம் கழிச்சு என்ன ஆச்சுன்னும் சொல்லிடுங்க. லீகா முதலிடத்துல கம்பீரமா நின்னுச்சு. நாங்க நாலாவது இடத்துல தட்டுத்தடுமாறி உள்ள நுழைஞ்சோம். அரையிறுதியில உங்களை வெளிய அனுப்பிட்டு, 36ஆவது பட்டத்தைத் தூக்கிட்டுப் போனோம். அதுக்கப்புறம் 2022 கடைசியிலேர்ந்து 2024 வரைக்கும் தொடர்ந்து நாலு. 40 ஆச்சு. வருஷத்துக்கு ரெண்டு பட்டம்ங்கிற முறையால எண்ணிக்கை வேகமா ஏறுதுன்னு சிலர் முணுமுணுப்பாங்க. முறை எல்லாருக்கும் ஒண்ணுதானே, அக்கா.


தூத்துக்குடி மாலுமி:

நம்ம கதை சின்னது. லிமோன் துறைமுகத்துல கப்பல் கட்டி நின்னப்ப, சரக்கு ஏத்துற பெரியவர் ஒருத்தர்ட்ட பேச்சு வந்துச்சு. அந்தக் கரையில கரீபியன் வழி வந்தவுக நிறைய, ஆங்கிலம் கலந்து பேசுவாக, அதனால பேச்சு தடங்கலில்லாம போச்சு. "லீகாவா சப்ரிஸாவா?"ன்னு அவர் கேக்கல, நான்தான் கேட்டேன். "ரெண்டும் மலைக்கு மேல இருக்கவன் சண்டை. எங்க ஊர்ப் பசங்க ரெண்டு பக்கமும் போய் ஆடுவான், ஜெயிச்சா தலைநகரத்துப் பேரு"ன்னாரு. கொஞ்ச நேரம் கழிச்சு அவர் மொபைல எடுத்தாரு. பின்னாடி உறையில ஊதா எஸ் எழுத்து. நான் ஒண்ணும் கேக்கல.


மூணாவது கட்சி:

எல்லாரும் ரெண்டு கட்சியாவே பேசுறீங்க. நான் தங்கியிருந்தது கார்த்தாகோ. அங்க கிளப் கார்த்தாஹினேஸ், நீலம்-வெள்ளை. அதோட சோதனையை அனுபவிச்சுப் பாத்தவனுக்கு மத்த ரெண்டு பேரோட புலம்பலும் வசதியானவங்க புலம்பலாத்தான் தெரியும்.

1940ல ஒரு பட்டம் ஜெயிச்சாங்க. அதுக்கப்புறம் இல்லை. ஜெயிச்ச வேகத்துல வீரர்கள் குதிரையோட பசிலிக்கா கோயிலுக்குள்ள புகுந்துட்டாங்க, சாமியார் சபிச்சுட்டார்னு ஊர்ல சொல்லுவாங்க. இன்னொரு கட்சி, ஸ்டேடியத்துல யாரோ பொம்மை புதைச்சு வெச்சுட்டாங்கம்பாங்க. எனக்கு ரெண்டுலயும் நம்பிக்கை இல்லை, ஆனா பெனால்டி வெளிய போறப்பெல்லாம் பக்கத்துல இருக்கறவர் பொம்மையைத் திட்டுவார், நானும் சேந்து திட்டுவேன். இதுல வேடிக்கை என்னன்னா, நடுவுல 1994ல கொங்ககாஃப் சாம்பியன் ஆயிட்டாங்க! மெக்சிகோவோட அத்லாந்தேயை 3-2ன்னு ஜெயிச்சு. கண்டத்துக்கே ராஜா, சொந்த நாட்டுல மட்டும் பட்டம் கிடையாது. அதுக்கு முந்தின வருஷமும் அடுத்த வருஷமும் அதே கோப்பையை வாங்கினது சப்ரிஸா; அதனால அந்தச் சாதனையைக்கூட ரெண்டு ஊதா அட்டைக்கு நடுவுல வெச்சுத்தான் பாக்கணும்.

2022ல இறுதிப்போட்டி, எதிர்ல அலஹுவெலென்ஸே. ஜெயிச்சாச்சு. தொண்ணூறு வயசுக் கிழவர்களைச் சக்கர நாற்காலியில தெருவுக்குத் தள்ளிட்டு வந்தாங்க, 1940ஐப் பாத்தவங்கன்னு. அந்த வருஷ ஆகஸ்ட் 2, நாட்டோட காவல் மாதாவுக்கு எல்லாரும் கார்த்தாகோ பசிலிக்காவுக்கு நடந்து வர்ற நாள். சான் ஹோஸேலேர்ந்து நானும் நடந்தேன். வழி முழுக்க நீலச் சட்டை. ஒரு அம்மா மட்டும் பேரனோட ஊதாச் சட்டையைக் கழட்டி உள்பக்கமாத் திருப்பிப் போட்டுவிட்டுட்டு, "இன்னிக்கு ஒரு நாள் மட்டும்"னு அவனைச் சமாதானப்படுத்திட்டு நடந்தாங்க.


ரொறன்ரோ மருமகள்:

மூண்டாவது கட்சி, அந்த இறுதியாட்டத்தைப் பற்றி எங்கடை வீட்டிலை இன்னும் ஒருத்தரும் கதைக்கிறேல்லை. நன்றி.


யோகோஹாமா ராஜா:

கட்சி மாறினவங்களைப் பத்தி யாரும் சொல்லலையே? ஜோயெல் காம்ப்பெல் சப்ரிஸாவுல வளந்த பையன், பின்னாடி லீகாவுக்கு ஆடப் போனார். செல்ஸோ போர்ஹெஸும் அப்படித்தான். அவர் அப்பா கிமராயஸ் சப்ரிஸாவுக்கு ஆடினவர், பயிற்சியாளராவும் இருந்தவர். கடைசியில அலஹுவேலாவுல போய்ப் பயிற்சி குடுத்தார்.


திபாஸ் வாசி:

அதை எங்க ஓனர்கிட்ட கேட்டேன். "2014 உலகக் கோப்பையில வலையைக் காத்தது எங்க கெய்லர் நவாஸ், இத்தாலிக்கு எதிரா கோல் போட்டது அவங்க பிரையன் ருயிஸ். கால் இறுதி வரைக்கும் போனோம். அந்த நேரத்துல யாரும் யாரையும் கேக்கல"ன்னார். பெருந்தன்மையா பேசுறாரேன்னு பாத்தேன். அடுத்த மூச்சுல, "காம்ப்பெல் மட்டும் என் வீட்டுப் பக்கம் வரக் கூடாது"ன்னுட்டார்.


புது ஆள்:

அடுத்த மாசம் வேலை மாறி சான் ஹோஸே வர்றேன். எந்த ஜெர்சி வாங்கட்டும்?


திபாஸ் வாசி:

ஊதா. இதுல யோசிக்க என்ன இருக்கு?


ரொறன்ரோ மருமகள்:

தம்பி, ஹுவான் சந்தாமரியா விமான நிலையம் சான் ஹோஸேயிலை இல்லை, அலஹுவேலாவிலை இருக்கு. நீங்கள் வந்து இறங்கிறது எங்கடை ஊரிலை. ஊதாவைப் பெட்டிக்குள்ளை வைச்சுக்கொண்டு வாங்கோ.