இழை: பித்தளையில் செய்த மரக்கருவி? ('வுட்விண்ட்' என்பதற்குச் சொல் வேண்டும், அவசரம்)

மு. எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு,

திரையிசையிலும் ஆர்க்கெஸ்ட்ராவிலும் சாக்சபோன் வரும் இடங்களைப் பற்றிய ஒரு காணொளிப் பாடத்துக்குத் தமிழில் சப்டைட்டில் வரிகள் போடுகிறேன். நாளை காலை கொடுக்க வேண்டும். முதல் நிமிடத்திலேயே முட்டிக்கொண்டு நிற்கிறேன். 'வுட்விண்ட்' (ஆர்க்கெஸ்ட்ராவில் புல்லாங்குழல், கிளாரினெட் அடங்கிய பிரிவு) என்பதற்கு எனக்கு முன் செய்தவர் 'மரக்காற்றுக் கருவி' என்று போட்டிருக்கிறார். அதை வைத்தால் என் வரி இப்படி வருகிறது: "பித்தளையால் ஆன இந்த மரக்காற்றுக் கருவிக்கு அடால்ஃப் சாக்ஸ் 1846-இல் பாரிஸில் காப்புரிமை பெற்றார்." சிரிக்க மாட்டார்களா? 'பிராஸ்' (டிரம்பெட் அடங்கிய பித்தளைப் பிரிவு) என்பதற்கும் ஜோடியாக ஒரு சொல் கொடுங்கள்.

இரா. எழுதியது:

சொல் நம்மிடம் இருக்கிறது, தேடத்தான் சோம்பல். சிலப்பதிகார உரையில் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, மிடற்றுக்கருவி எல்லாம் உண்டு. உங்கள் மரக்காற்று துளைக்கருவி, பித்தளை கஞ்சக்கருவி. முடிந்தது. சாக்சபோனுக்கு மட்டும் தனியாக 'மிடற்றுக்குழல்' என்பேன்; மிடறு என்றால் தொண்டை. ரஷ்ய இசையமைப்பாளர் முசோர்க்ஸ்கியின் 'ஓவியக் கண்காட்சி' என்ற பியானோ படைப்பை 1922-இல் பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெல் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மாற்றியபோது, பழைய கோட்டையின் முன் ஒரு பாணன் பாடும் இடத்தை ஆல்ட்டோ சாக்சபோனிடம்தானே கொடுத்தார்? பாணனின் மிடறு அது. மேலும், 'சாக்சபோன்' என்று எழுதுவதே பிழை. சகரம் மொழிக்கு முதலில் வராது என்கிறது தொல்காப்பியம்.

செ. எழுதியது:

> சகரம் மொழிக்கு முதலில் வராது

ஐயா, நூற்பாவின் இரண்டாம் அடியையும் படியுங்கள்: "அ ஐ ஔவெனும் மூன்றலங் கடையே." ச, சை, சௌ மூன்றுக்குத்தான் தடை. சா தாராளமாக வரும். இல்லாவிட்டால் சான்றோர் எப்படி உள்ளே வந்தார்கள்? இடிப்பது நடுவில் உள்ள 'க்ச'. ககர மெய்க்குப் பின் ககரம்தான் வரலாம். பக்ஷியைப் பட்சி ஆக்கிய கணக்கில் போனால் 'சாட்சபோன்' என்று வரும், நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வந்தது போல. அது ஒரு மனிதரின் குடும்பப் பெயர், அதை விட்டுவிடுவோம்.

கஞ்சக்கருவி என்றால் தாளம், ஜால்ரா. தட்டுவது, ஊதுவதல்ல. துளைக்கருவியில் கிளாரினெட்டும் அடங்கும், டிரம்பெட்டும் அடங்கும். மு. கேட்பது அதற்குள் ஒரு பிரிவு.

நா. எழுதியது:

நான் ஆல்ட்டோ வாசிக்கிறவள் என்பதால் ஒரு வார்த்தை. மரமா பித்தளையா என்பது இங்கே பேச்சே இல்லை. இன்றைய ஆர்க்கெஸ்ட்ரா புல்லாங்குழல் பெரும்பாலும் வெள்ளி, அதுவும் வுட்விண்ட்தான். சாக்சபோனின் வாய்முனையில் நாணலைச் சீவிய ஒற்றைப் பட்டை கட்டியிருக்கும். அதிர்வது அது. டிரம்பெட்டில் அதிர்வது உதடு. பட்டையின் நுனி கனமாக இருந்தால் உப்புத்தாளில் இரண்டு இழுப்பு இழுப்பேன். மூன்றாவது இழுப்பில் கீச்சிட ஆரம்பித்துவிடும். அப்புறம் குப்பைதான்.

ரஷ்ய இசையமைப்பாளர் ரக்மானினோவ் 1940-இல் எழுதிய சிம்ஃபனி நடனங்களைக் கேளுங்கள். முதல் பகுதியில் ஆல்ட்டோவுக்கு நீண்ட தனிப்பகுதி. கூட வருவதெல்லாம் ஓபோ, கிளாரினெட் கூட்டம். பித்தளைக்காரர்கள் மூச்சே விடுவதில்லை. அவருக்கே எந்தக் கூட்டம் என்று தெரிந்திருக்கிறது. (அந்தப் பகுதி முடிந்ததும் சாக்சபோன்காரர் கடைசிவரை மடியில் கருவியோடு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கும் ஒரு கலைச்சொல் கண்டுபிடியுங்கள்.)

இரா. எழுதியது:

அம்மா சொன்ன பட்டைக்குச் 'சீவாளி' இருக்கிறதே! நாகசுரத்தின் வாயில் செருகி ஊதுவது. சீவாளி இரட்டை; ஒற்றைக்குச் 'சீவல்'. கத்ரி கோபால்நாத் நாகசுரக் குடும்பத்தில் பிறந்து, மைசூர் அரண்மனை பேண்டில் சாக்சபோனைக் கேட்டு மயங்கியவர். 1994-இல் 'டூயட்' படத்தில் அவர் வாசித்ததைக் கேட்டால் சீவாளியின் வாரிசுதான் சீவல் என்பது புரியும்.

செ. எழுதியது:

சீவல் என்றால் வாயில் போட்டு மெல்லத்தான் தோன்றும், ஐயா. நாகசுரமா நாதசுரமா என்று அடுத்து யாராவது தொடங்கும் முன் என் பரிந்துரையைச் சொல்லிவிடுகிறேன். வுட்விண்ட்: குழல் வகை. பிராஸ்: கொம்பு வகை. கொம்பும் எக்காளமும் உதடு அதிர ஊதுபவை, டிரம்பெட்டுக்கு உறவு. பள்ளிப்பிள்ளைக்கும் புரியும்.

நா. எழுதியது:

புரியும், சரி. ஆனால் ஜாஸ் வாசிக்கிறவர்கள் சாக்சபோனையும் 'ஹார்ன்' என்றுதான் சொல்வார்கள். உருவமும் வளைந்த கொம்புதான். ஒரு குறிப்பு போட்டுவிடுங்கள்.

மு. எழுதியது:

போடுகிறேன். இன்னொன்று. 'டாக்சி டிரைவர்' என்ற ஹாலிவுட் படத்தின் சாக்சபோன் மெட்டை 'ஸல்ட்ரி' (வெக்கை என்றும் மயக்குவது என்றும் பொருள்) என்கிறார்கள். பழைய வரியில் 'புழுக்கமான இசை' என்று இருக்கிறது. மாற்றவா?

செ. எழுதியது:

மாற்றாதீர்கள். தெருக்குழியிலிருந்து எழும் ஆவியைக் கிழித்துக்கொண்டு அந்த டாக்சி வரும்போது வேறென்ன, தென்றலா? படத்துக்கு இசையமைத்த பெர்னார்ட் ஹெர்மன் ஒலிப்பதிவை முடித்த சில மணி நேரத்தில், 1975 டிசம்பர் 24 அன்று இறந்துபோனார். படம் வந்தது அடுத்த ஆண்டு. அந்த மெட்டைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு புழுங்கும். பழைய வரி எழுதியவர் தெரியாமல் போட்டிருந்தாலும் சரியாகவே போட்டிருக்கிறார்.

நா. எழுதியது:

எனக்கு அது 'கிறக்கம்'. புழுக்கம் என்றால் மின்விசிறி ஓடவில்லை என்று பொருள்.

மு. எழுதியது:

மணி ஒன்றரை. குழல் வகை, கொம்பு வகை என்று போட்டுவிட்டேன். சீவாளிக்குப் பதில் 'நாணல் பட்டை'. புழுக்கம் அப்படியே இருக்கிறது; நா. அக்கா மன்னிக்கவும். எல்லோருக்கும் நன்றி.

இரா. எழுதியது:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. ஒரே கேள்வி: சாக்சபோன் குழல் என்றால், டிரம்பெட் என்ன குச்சியா? அதுவும் குழல்தானே?